வாகைக்கோட்டைத் திரைச்சீலை

ஐயா, ஐயா! அது மேல பலாப்பழத்த வைக்காதீங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகும். ஜமக்காளத்துல சுத்தியிருக்கறதப் பார்த்து மெத்தைன்னு நினைச்சுட்டீங்க. மெத்தை இல்லய்யா, படம். உள்ள நான் இருக்கேன். உங்க பழத்து முள்ளு நேரா என் மூக்குலதான் வந்து குத்தும்.

கீழ வைங்க, காலுக்கிட்ட. ஆங், அப்படி. பண்ருட்டியில ஏறுறவங்க எல்லாருமே ஆளுக்கொரு பழத்தோடதான் ஏறுறீங்க. பட்டணத்துக்குத்தானே? சம்பந்தி வீட்டுக்கா? நல்லது. நானும் பட்டணந்தான். வீட்டுலயும் வந்திருக்கா. அடுத்தது பொம்பளைங்க பெட்டி, அதுல உக்காந்திருக்கா. நேத்து மதுரையில ஏறினோம். இடுப்பெல்லாம் விட்டுப்போச்சு.

என் பேரு திருவேங்கட ராஜு. வாகைக்கோட்டை ஜமீன் அரண்மனைச் சித்திரக்காரன். கேள்விப்பட்டதில்லயா? பரவால்ல, நம்ம ஊரு இங்கருந்து தூரம்.

நாளைக்குக் காலையில பத்து மணிக்குப் பட்டணத்துல ஒரு சித்திரக் கண்காட்சி தொறக்கறாங்க. இந்தப் படத்தக் கொண்டுவரச் சொல்லிக் கடுதாசி வந்திருக்கு. படத்த எழுதினவரு நேர்ல வரணும். துரைமாருங்க, பெரிய மனுஷங்க இருக்கற சபையில நின்னு, 'இது என் கையால எழுதினது'ன்னு வாயால சொல்லணும். சொல்லிட்டு, தடிமனா ஒரு புஸ்தகம் இருக்காம், அதுல கையெழுத்துப் போடணும். கடுதாசியில இருக்கறது என் பேரு. இந்தா பாருங்க, மடியிலயே வச்சிருக்கேன்.

அப்புறம் என்னய்யா, போயிக் கையெழுத்தப் போட்டுட்டு வர வேண்டியதுதானேம்பீங்க. போட்டுருவேன். எனக்கென்ன பயம்? என்ன ஒண்ணு, இந்தப் படத்துல ஒரு சின்னச் சிக்கல் இருக்கு. அதச் சொல்லணும்னா எங்க தொழில மொதல்லருந்து சொல்லணும். செங்கல்பட்டு வர இன்னும் நேரம் இருக்கில்ல? கேளுங்க.

எங்க அரண்மனையில ராணிங்க கோஷா. கட்டின புருஷன், பெத்த அப்பன், கூடப் பொறந்தவன், இவங்களத் தவிர வேற ஆம்பள கண்ணுல படமாட்டாங்க. ஆனா படம் மட்டும் வேணும். ராணிக்கு ஒரு படம் இல்லேன்னா அது என்ன அரண்மனை? அப்ப எப்படி எழுதறது? கூடத்துக்கு நடுவுல ஒரு திரை கட்டுவாங்க. சிவப்புத் திரை, மஞ்சக் கரை, ஓரத்துல குஞ்சலம். அந்தப் பக்கம் ராணி. இந்தப் பக்கம் நானும் என் பலகையும் வர்ணக் கொட்டாங்கச்சியும். திரை ஓரமா ஒரு தாதி நிப்பா. அவ உள்ள எட்டிப் பார்த்து எனக்குச் சொல்லணும். "கண்ணு மீனு கணக்கா இருக்குங்க. மூக்கு எள்ளுப்பூவுங்க. மொகம் பௌர்ணமிங்க." நான் எழுதுவேன்.

எந்தத் தாதியாவது ராணி பக்கத்துல நின்னுக்கிட்டு 'மூக்கு கொஞ்சம் சப்பைதாங்க'ன்னு சொல்லுவாளா? சொன்னா அவ மூக்கு மிஞ்சுமா? இருபத்திரண்டு வருஷத்துல ஒம்பது ராணிங்கள எழுதியிருக்கேன். மாமியாரு, மருமக, கல்யாணமாகிப் போன பொண்ணுங்க, எல்லாருக்கும் மீன் கண்ணு, எள்ளுப்பூ மூக்கு. சேலைக்கு மட்டும் வர்ணத்த மாத்துவேன்.

சிரிக்கிறீங்க. இதுல ஒரு சூட்சுமம் இருக்குய்யா. என் படத்தக் கூடத்துல மாட்டலாம். வர்றவன் போறவன் எவன் வேணா நின்னு பார்க்கலாம். ராணி மொகத்தப் பார்த்த தோஷம் அவனுக்கு வராது, ராணிக்கும் மானம் போகாது. அப்படி எழுதறதுக்குன்னு தனியா ஒரு கை வேணும். எல்லாராலயும் முடியாது.

நல்லாத்தான் போய்க்கிட்டிருந்துது. தாது வருஷப் பஞ்சம் முடிஞ்சு நாலாவது வருஷம், பெரிய ராணிக்குத் திதி வந்துது. பெரிய ராணின்னா ஜமீந்தாரோட அம்மா, காலமாகி ரெண்டு வருஷம். சின்ன ராணின்னா ஜமீந்தாரோட சம்சாரம், கல்லுக்குண்டாட்டம் இருக்காங்க. ரெண்டு பேரு படமும் கூடத்துல பக்கத்துல பக்கத்துல தொங்கும். திதிக்கு முந்தின நாள் சுவத்துக்கு வெள்ளையடிச்சாங்க. அடிச்சவன் ரெண்டு படத்தையும் கழட்டி வச்சான், வேலை முடிஞ்சதும் எடுத்து மாட்டினான். இதை அங்க, அதை இங்க மாட்டிட்டுப் போயிட்டான்.

மறுநாள் காலையில ஆளுயர மாலை, குத்துவிளக்கு, படையல் எல்லாம் தயார். ஜமீந்தார் ஈர வேட்டியோட வர்றாரு. ஆறடி ஆளு, மீசையே பக்கத்துக்கு ஒரு சாண் இருக்கும். படத்துக்கு முன்னாடி நெடுஞ்சாண்கிடையா விழுந்து, "என்னப் பெத்த தாயே, என்னத் தவிக்க விட்டுட்டுப் போயிட்டியே"ன்னு தேம்பித் தேம்பி அழறாரு. சல்லடைச் சன்னல் வழியா சின்ன ராணி பார்க்கறாங்க. பச்சைச் சேலை அவங்களுது. பச்சைச் சேலைக்கு மாலை போட்டிருக்கு, பச்சைச் சேலைக்கு விளக்கு எரியுது, தாலி கட்டின புருஷன் பச்சைச் சேலைக்கு முன்னாடி விழுந்து கெடந்து தாயே தாயேங்கறாரு.

தப்பு யாரு மேல? நீங்களே சொல்லுங்க. வெள்ளையடிச்சவன் மேலதானே? ஆனா ஆள் விட்டுக் கூப்பிட்டது என்னை.

திரைக்கு அந்தப் பக்கத்துலருந்து குரல் வருது. "சித்திரக்காரரே, நான் செத்துட்டனா?"

"ஐயையோ, மகாராணி தீர்க்காயுசா இருக்கணும்."

"அப்ப வர்ற தைப்பூசத்துக்குள்ள எனக்கு ஒரு படம் வேணும். என் மொகம் இருக்கணும் அதுல. உம்ம பௌர்ணமி வேண்டாம். முடியலேன்னா வாகைக்கோட்டையில நீரும் வேண்டாம்."

நான் எங்கய்யா போவேன்? மொகத்தப் பார்த்தா தலை போகும், பார்க்கலேன்னா ஊர் போகும். அப்பத்தான் எனக்கு ஒரு யோசனை வந்துது. கவனிச்சுக்கங்க, யோசனை என்னுது. பொம்பள மொகத்தப் பொம்பள பார்க்கலாமில்ல? என் வீட்டுக்காரிய உள்ள அனுப்பினேன். நாச்சாரம்மான்னு பேரு. எங்க ஆளுங்க வீட்டுப் பொம்பளைங்க வர்ணம் அரைக்கலாம், புளியங்கொட்டைப் பசை காய்ச்சலாம், அணில் வாலு முடியில தூரிகை கட்டலாம். தூரிகையப் புடிச்சு எழுத மட்டும் கூடாது. தலைமுறை தலைமுறையா அப்படித்தான். இவளும் பதினாறு வருஷமா அரைச்சுக் குடுத்துக்கிட்டு, வாயத் தொறக்காம இருந்தவதான்.

"போய் நல்லாப் பார்த்துட்டு வா. வந்து சொல்லு. நான் எழுதறேன்"னேன். காலையில போனா, விளக்கு வைக்கிற நேரத்துக்கு வந்தா. சொல்லுடின்னேன்.

"இடது புருவத்துல ஒரு வெட்டு இருக்குங்க. சின்ன வயசுல ஊஞ்சல்லருந்து விழுந்தாங்களாம். மேலுதடு கொஞ்சம் தூக்கினாப்புல இருக்கு, இப்பத்தான் யாரையோ ஏசி முடிச்ச மாதிரி. வலது கண்ணு இடது கண்ண விட ஒரு நெல்லு சின்னது. மூக்கு சப்பைதான். எல்லாத்தையும் சேர்த்துப் பார்த்தா கண்ண எடுக்க முடியலங்க, அவ்வளவு லட்சணம்."

"அடிப்பாவி, வாய அலம்பு. ராணிக்கு வெட்டு, ராணிக்கு சப்பை, அது லட்சணமா?"ன்னுட்டு உக்காந்து எழுதினேன். மீன் கண்ணு. எள்ளுப்பூ மூக்கு. என் கை அதுவாப் போகுதுய்யா, நான் என்ன செய்ய? எழுதி முடிச்சுக் காட்டினேன். ஒரு பார்வை பார்த்தா. "மாமியாரு நல்லா வந்திருக்காங்க"ன்னுட்டு அடுப்பங்கரைக்குப் போயிட்டா.

மறுநாள் காலையில பல்லு வெளக்க அடுப்புக் கரி எடுக்கப் போறேன். அடுப்பங்கரைச் சுவத்துல, கரித்துண்டால, ஒரு பொம்பள. நான் சின்ன ராணியப் பார்த்ததே இல்ல. குரலத்தான் கேட்டிருக்கேன். ஆனா அந்த உதட்டப் பார்த்ததும் 'சித்திரக்காரரே, நான் செத்துட்டனா?'ன்னு காதுல கேட்டுதுய்யா. கையில இருந்த கரியக் கீழ போட்டுட்டுக் கும்புட்டுட்டேன். அப்புறந்தான் உறைச்சுது. ராணி மொகத்தப் பார்த்துட்டேன்! கண்ண இறுக்கி மூடிக்கிட்டு, "அழிடி, அழிடி"ன்னு கத்தறேன். அவ பாட்டுக்கு அரிசி களைஞ்சுக்கிட்டிருக்கா. "இது சரியா இருக்காங்க?"ன்னு மட்டும் கேட்டா. நான் கண்ண மூடிக்கிட்டே, "சரியா இருக்கு, அதனாலதான் அழிக்கச் சொல்றேன்"னேன்.

அப்புறம் என்ன, தைப்பூசத்துக்கு இருவது நாள்தான் இருந்துது. பலகைய அவகிட்டக் குடுத்தேன். நான் பார்க்கக் கூடாதில்லயா? அதனால அவளுக்கு முதுகக் காட்டிக்கிட்டு உக்காந்துக்குவேன். "கண்ணுக்கு மை கம்மியா வை", "கன்னத்துல கொஞ்சம் செந்தூரம் எடு"ன்னு ஒவ்வொண்ணாச் சொல்லுவேன். அவளும் சரிங்கம்பா. வச்சாளா, எடுத்தாளா, அது எனக்குத் தெரியாது. ஆனா சொன்னது நான். அப்ப எழுதினது யாரு? நான்தானே? கை மட்டும் அவ கை.

என்ன அப்படிப் பார்க்கறீங்க? சரி, சரி, மேல கேளுங்க.

எங்க தொழில்ல கடைசியாத்தான் கண் தொறக்கறது. கண்ணுக்குள்ள கருமணிய வைக்கிறது. அது லேசுப்பட்ட காரியமில்ல. ஆம்பள, தலைக்குக் குளிச்சு, ஒருவேளை விரதம் இருந்து, நல்ல நேரம் பார்த்துத் தொறக்கணும். பொம்பள கண் தொறந்தா அந்த வீட்டுக் கண்ணு அவிஞ்சு போகும்னு எங்க பங்காளி நரசய்யா சொல்லுவான். என் பெரியப்பா மகன், எங்க ஆளுங்களுக்கெல்லாம் அவன் வச்சதுதான் சட்டம். நானும் வெள்ளிக்கிழமைக்கு மொகூர்த்தம் குறிச்சு வச்சிருந்தேன். கண்ணக் கட்டிக்கிட்டாவது நானே தொறக்கறதுன்னு முடிவு பண்ணியிருந்தேன். வியாழக்கிழமை மத்தியானம், சோத்துக்கு உலை வச்சுட்டு வந்து உக்காந்தா. உலை கொதிக்கறதுக்குள்ள ரெண்டு கண்ணையும் தொறந்துட்டு எந்திரிச்சுப் போயி அரிசியப் போட்டா. எங்க வீட்டுல யாருக்கும் ஒண்ணும் ஆகல. எனக்குத்தான் ரெண்டு நாள் கண்ணு துடிச்சுது, அதுவும் வெயிலா இருக்கும்.

படத்த மூடி உள்ள அனுப்பினோம். திரைக்கு அந்தப் பக்கம் துணிய வெலக்கற சத்தம் கேட்டுது. சின்ன ராணி, "அடியே, இது நான்டி"ன்னாங்க. யாருகிட்டச் சொன்னாங்கன்னு தெரியல. குரல் வேற மாதிரி இருந்துது. ஜமீந்தார் உள்ள போய்ப் பார்த்துட்டு, "அட, என்ன முறைக்கற மாதிரியே இருக்கே"ன்னு ரெண்டடி பின்னால போனாராம். அந்தப் படத்தக் கூடத்துல மாட்டல. மாட்ட முடியாதில்ல? அவங்க அறையிலேயே வச்சுக்கிட்டாங்க.

தைப்பூசத்தன்னிக்கு தர்பார்ல எனக்குப் பட்டுச் சால்வை போத்தினாரு ஜமீந்தார். நான் போத்திக்கிட்டேன். வேற என்ன செய்யச் சொல்றீங்க? சபை நடுவுல, 'இது எனக்கில்லீங்க, உள்ள இருக்கறவளுக்கு'ன்னு சொல்ல முடியுமா? நரசய்யா வேற பக்கத்துல நிக்கறான். "கண்ணு நீதானேடா தொறந்தே?"ன்னு காதுல கேக்கறான். ஆமான்னேன். அவ மானத்துக்காகத்தான் சொன்னேன். அவளுக்காகத்தான்யா அந்தச் சால்வையையே போத்திக்கிட்டேன். சல்லடைச் சன்னலுக்குப் பின்னால அவ நின்னு பார்த்துக்கிட்டிருந்தது அப்புறந்தான் தெரிஞ்சுது.

எட்டு நாள் பேசல. சோறு வந்துது, கொழம்பு வந்துது, பேச்சு வரல. சண்டை போட்டாக்கூடப் பதிலுக்கு ரெண்டு வார்த்தை பேசலாம். அந்த எட்டு நாளும் அரண்மனைக்குப் போயிக்கிட்டு வந்துக்கிட்டு இருந்தா. சின்ன ராணி ஒரு கித்தானும், சீமையிலருந்து வந்த எண்ணெய் வர்ணமும் குடுத்திருந்தாங்க. பின்கட்டுல வச்சு என்னமோ எழுதறா. நான் எட்டிப் பார்க்கல. பார்த்தேன், ஆனா அவ இல்லாதப்ப பார்த்தேன்.

அதுதான் இந்தப் படம்.

இருங்க, ஜமக்காளத்தக் கொஞ்சம் வெலக்கிக் காட்டறேன். தூசி படாம. ஆங். இது அரண்மனைக் கூடம். முதுகக் காட்டி உக்காந்திருக்கறது ராணி, மொகம் தெரியாது. இந்தா, இதுதான் தாதி. கண்ணு ராணி மூக்குப் பக்கம் இருக்கு, கை எனக்கு எள்ளுப்பூக் காட்டுது. திரை இந்த ஓரத்துல ஒதுங்கியிருக்கு பாருங்க, அந்தச் சந்துல தெரியறது யாரு? நான். கையில தூரிகை, மொகத்துல எவ்வளவு மும்முரம் பாருங்க. நாக்கு நுனி கொஞ்சம் வெளிய தெரியுது, அது வேலையில முழுகிட்டா வர்றது. திரையையே முறைச்சுப் பார்த்துக்கிட்டு, பலகையில பௌர்ணமி எழுதிக்கிட்டிருக்கேன். என்ன கம்பீரம்! ஏன்யா சிரிக்கிறீங்க? எல்லாரும் இந்த இடத்துலதான் சிரிக்கறாங்க. சின்ன ராணி சிரிச்சதுல ரெண்டு தாதிங்க வந்து தாங்கிப் புடிச்சாங்களாம். தங்கமான மனசு அவங்களுக்கு.

இப்ப அந்தத் திரையப் பாருங்க. மடிப்புல கை வைக்கலாம்போல இருக்கில்ல? அது நான். மெய்யாலுமே நான். எட்டாம் நாள் சாயங்காலம் வந்து நின்னா. "ஏங்க, இந்தத் திரை எனக்கு வரமாட்டேங்குது. துணியா இல்ல, செவரா நிக்குது. இதுக்கு நீங்கதான் வேணும்"னா. எட்டு நாளுக்கப்புறம் பேசின மொதப் பேச்சு. எனக்குக் கண்ணு கலங்கிருச்சு. இருபத்திரண்டு வருஷம் நான் பார்த்தது எத? ராணியையா பார்த்தேன்? இந்தத் திரையத்தானே பார்த்தேன்! மடிப்பு எங்க விழும், காத்தடிச்சாக் குஞ்சலம் எந்தப் பக்கம் ஆடும், எனக்குத் தெரியாம யாருக்குத் தெரியும்? உள்பக்கம் மட்டும் நான் பார்த்ததில்ல. அங்க சாயம் வெளுத்திருக்கும், ஓரத்துல ஒரு ஒட்டுத் துணி இருக்கும்னு அவ பக்கத்துல உக்காந்து சொன்னா, நான் எழுதினேன். மூணு நாள் ஒரே கித்தான்ல ரெண்டு பேரும் வேலை செஞ்சோம். அவ மூக்கு நுனியில வெள்ளை வர்ணம் ஒட்டியிருந்துது, நான் சொல்லவே இல்ல. கல்யாணமாகி இத்தனை வருஷத்துல அப்படி ஒரு மூணு நாள் எங்களுக்கு வாய்ச்சதில்லய்யா.

அப்புறம் அரண்மனைக்கு ஒரு துரைசானி வந்தாங்க. பொம்பளைங்கறதால உள்ள போனாங்க, படத்தப் பார்த்தாங்க. இதக் கண்காட்சிக்கு அனுப்பியே ஆகணும்னு ஒத்தக்கால்ல நின்னாங்களாம். ஜமீன் மேனேஜர் ஐயரு பேனாவ மையில தொட்டுக்கிட்டு வாசல்ல என்னக் கேக்கறாரு, "சித்திரக்காரர் பேரு என்னன்னு எழுதட்டும்?"னு. நரசய்யா அங்கதான் நின்னு மூக்குப்பொடி போட்டுக்கிட்டிருந்தான். பேரு கேட்டாங்க, நான் என் பேரச் சொன்னேன். பேரு கேட்டா மனுஷன் தன் பேரத்தானே சொல்லுவான்?

கடுதாசி வந்தப்புறம் அவகிட்டப் படிச்சுக் காட்டினேன். கேட்டுட்டு, "கையெழுத்துப் போடுங்க. ஆனா ஒண்ணு யோசிச்சுக்கங்க"ன்னா. "இது திரைக்கு உள்பக்கத்துலருந்து பார்த்து எழுதின படம். நீங்க இந்தப் பக்கம் உக்காந்திருக்கீங்க. அந்தப் பக்கத்துலருந்து உங்களப் பார்த்தது யாருன்னு கேட்டா என்ன சொல்லுவீங்க?"

இதுதான்யா அந்தச் சின்னச் சிக்கல்! நான் உள்ள போனேன்னு சொன்னா ஜமீந்தார் தலைய வாங்கிருவாரு. போகலேன்னு சொன்னா படம் என்னுது இல்ல. கண்ணாடி வச்சுப் பார்த்தேன்னு சொல்லலாமான்னு கூட யோசிச்சேன். முழுப் பூசணிக்காயச் சோத்துல மறைக்கிற கதைதான், ஆனா சோறு பத்தல.

சரி, அந்தச் சிக்கல எப்படியாவது சமாளிச்சுருவேன்னு வச்சுக்கங்க. துரைமாருக்குக் கோஷான்னா என்ன தெரியும்? ஆனா அவ அதோட விடல. சண்டையும் போடல. வெத்தலையக் கிள்ளிக்கிட்டே சொன்னா. "சபையில நான் ஒரு வார்த்தை பேசமாட்டேன். உங்களக் குனிய வைக்கமாட்டேன். நீங்க உங்க பேரப் போட்டா, அதோட நான் தூரிகையக் கீழ வச்சுடறேன். வர்ணம் அரைச்சுத் தர்றேன், பசை காய்ச்சித் தர்றேன், பழையபடி இருந்துக்கலாம்."

பழையபடின்னாய்யா. பழையபடின்னா என்ன, மறுபடியும் மீன் கண்ணும் எள்ளுப்பூவுமா? அடுப்பங்கரைச் சுவத்துல அந்த மொகத்த மொதல்ல பார்த்தவன் நான். அவ எழுதும்போது பக்கத்துல உக்காந்து பார்த்திருக்கேன். அந்தக் கை நின்னுபோச்சுன்னா என்னால தாங்க முடியாது. இத அவகிட்ட நான் சொன்னதில்ல. உங்ககிட்டச் சொல்றேன்.

ஆனா சொல்லவும் பயமா இருக்கு. சொன்னா நரசய்யா எங்க வீட்டுல தண்ணி வாங்கிக் குடிக்கமாட்டான், எங்க ஆளுங்க ஒருத்தரும் வாசப்படி மிதிக்கமாட்டாங்க. ஜமீந்தார் போத்தின சால்வைக்கு என்ன பதில் சொல்லுவேன்? பொண்டாட்டி எழுதினா, புருஷன் போத்திக்கிட்டான்னு ஊரே சிரிக்குமே! இருபத்திரண்டு வருஷம் நான் எழுதினதெல்லாம் ஒண்ணுமில்லன்னு ஆயிடுமேய்யா. அது உண்மைதான்னு வச்சுக்கங்க. இருந்தாலும் அத நாமளே எந்திரிச்சுச் சபையில சொல்லணுமா?

மதுரையில வண்டியேறும்போது அவ சொன்னா. "பட்டணம் போறதுக்குள்ள ஒரே ஒரு ஆள்கிட்டச் சொல்லிப் பாருங்க. ஊரு பேரு தெரியாத ஆளா இருந்தாலும் சரி. ஒருத்தர்கிட்ட வாய் வந்துட்டா சபையிலயும் வந்துரும்." சரின்னேன். திண்டுக்கல்லுல ஒரு புகையிலை யாவாரி ஏறினாரு. அவருகிட்ட, 'மொத்தமும் நான், மொகம் மட்டும் அவ'ன்னு சொன்னேன். திருச்சினாப்பள்ளியில ஒரு பட்டர். அவருகிட்ட, 'மொகமும் கையும் அவ, மத்ததெல்லாம் நான்'னேன். மாயவரத்துல ஒரு பள்ளிக்கூட வாத்தியாரு வந்தாரு, வாத்தியாரைப் பார்த்தாலே எனக்கு நாக்கு எழும்பாது, 'நான் சொல்லச் சொல்ல அவ போட்டா'ன்னு முடிச்சுட்டேன். ஒவ்வொரு டேசன்லயும் சொம்புல தண்ணி புடிச்சுக்கிட்டு அவ பெட்டிக்கிட்டப் போவேன். வாயத் தொறந்து கேக்கமாட்டா. சொம்ப வாங்கிக்கிட்டு ஒரு பார்வை பார்ப்பா. நான் டேசன் மணியப் பார்த்துக்கிட்டு நிப்பேன்.

அப்புறம் நீங்க பலாப்பழத்தோட ஏறினீங்க. உங்ககிட்டயும் 'கை மட்டும் அவ கை'ன்னு ஆரம்பிச்சேன் பாருங்க. நாலாவது ஆளு நீங்க. உங்களுக்கப்புறம் ஆளுமில்ல, ஊருமில்ல. வண்டி மெதுவாகுது, செங்கல்பட்டு வந்துருச்சு. இப்ப நிக்கும். நான் சொம்பத் தூக்கிக்கிட்டுப் போகணும்.

இருங்க. உங்க துண்டக் கொஞ்சம் குடுங்க, நான் மொகத்தத் தொடைச்சுக்கறேன். என் துண்டு என் தோள்லயே இருக்கா? சரி, சரி.

ஐயா. இந்தப் படத்த எழுதினது என் சம்சாரம் நாச்சாரம்மா. நான் இல்ல. திரை மட்டும் நான்.

சொல்லிட்டனா? முழுசாச் சொல்லிட்டனா? 'நான் இல்ல'ங்கறதும் வந்துதா? வந்துருச்சுய்யா, வந்துருச்சு! ஆனா ரொம்ப மெதுவாச் சொன்னேன், உங்களுக்கே காத நீட்டித்தான் கேட்டுது. சபைன்னா பெருசா இருக்குமே. இன்னொரு தரம் சொல்லிப் பார்க்கட்டுமா? ஒத்தாசை பண்ணுங்க. நீங்கதான் துரைன்னு வச்சுக்கங்க. எந்திரிச்சு நில்லுங்க. 'யாரு இந்தப் படத்த எழுதினது?'ன்னு கேளுங்க. இல்ல, இல்ல, இவ்வளவு மரியாதையா எந்தத் துரை கேப்பான்? கொஞ்சம் அதட்டிக் கேளுங்க. ஆங், அப்படி!

எழுதினது என் பொண்டாட்டி நாச்சாரம்மா! நான் இல்ல! திரை மட்டும் நான்!

பார்த்தீங்களா, பெட்டியில எல்லாரும் திரும்பிப் பார்க்கறாங்க. பார்க்கட்டும். அதோ அந்தக் கோடியில உக்காந்திருக்காரே, அவருக்குக் கேட்டுதான்னு மட்டும் கேட்டுச் சொல்லுங்க.